சசி கபூர் யாருடைய வாரிசு? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்தி நடிகரும் இயக்குநருமான ராஜ் கபூரைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு வாசகருக்குப் பதில் எழுதியபோது, அந்த வீட்டில் தகப்பனாரின் உண்மையான சொத்தைக் கட்டிக் காத்தவர் கடைக்குட்டி சசி கபூர்தான் என்று போகிற போக்கில் ஒரு வரி சேர்த்திருந்தேன். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்த ஒரு வரியைப் பற்றியே பேசுகின்றன. சிலர் உடன்படுகிறார்கள், பலர் சண்டைக்கு வருகிறார்கள், இன்னும் சிலர் அவரைத் திரையில் அமிதாப் பச்சனின் தம்பியாக மட்டுமே அறிந்திருக்கிறார்கள். ஆகவே இந்த இதழின் பகுதி முழுவதையும் சசி கபூருக்கே ஒதுக்கிவிட்டேன்.

இந்திப் படங்களை உலகமெல்லாம் கொண்டுபோனவர் ராஜ் கபூர். அவர் இருக்கத் தம்பியை வாரிசு என்று எழுதியது நியாயமா? – திருநெல்வேலி வாசகர்

ராஜ் கபூரின் பெருமையில் குன்றிமணி அளவும் குறைப்பது என் நோக்கமன்று. இருபத்து நான்கு வயது நிரம்புவதற்குள் சொந்த நிறுவனம் தொடங்கிப் படம் எடுத்து வெளியிட்டவர் அவர். ஆனால் அது அவர் தாமே தேடிக்கொண்ட ராஜ்ஜியம். தகப்பனார் பிருத்விராஜ் கபூர் சேர்த்த சொத்து வேறு.

இந்தியாவின் முதல் பேசும் படமான ‘ஆலம் ஆரா’விலேயே (1931) நடித்திருந்த பிருத்விராஜ், சினிமாவில் புகழும் பணமும் வந்துகொண்டிருந்த நேரத்தில், 1944-இல், பிருத்வி தியேட்டர்ஸ் என்ற நாடகக் குழுவைத் தொடங்கினார். நம் ஊர் பாய்ஸ் கம்பெனிகளைப் போலவே திரைச்சீலை, உடைகள், விளக்குகள், சமையல் பாத்திரங்கள் என்று எல்லாவற்றையும் ரயிலில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போன குழு அது. பதினாறு ஆண்டுகளில் 2,600-க்கும் அதிகமான காட்சிகளை நடத்தியிருக்கிறார்கள். நாடகம் முடிந்ததும் பிருத்விராஜ் வேடம்கூடக் கலைக்காமல் வாசலுக்கு வந்து, தலையைக் குனிந்துகொண்டு, துணியை ஏந்தி நிற்பார். வெளியேறும் மக்கள் தம்மால் இயன்ற காசை அதில் போட்டுவிட்டுப் போவார்கள். அந்தப் பணம் பொதுக் காரியங்களுக்கும் கலைஞர்களின் நலனுக்கும் போயிற்று. சினிமாவில் அரசராகவும் சக்கரவர்த்தியாகவும் நடித்த மனிதர், எதிரே வருபவரின் முகத்தைப் பார்த்தால் அவர் கொடுக்கக் கூசுவாரோ என்று தலையை நிமிர்த்தாமல் நின்றார் என்றுதான் நான் அதைப் புரிந்துகொள்கிறேன்.

நாடகத்துக்கு உயிரான அவருடைய குரல் கெட்டுப்போயிற்று, பணமும் இடங்கொடுக்கவில்லை. 1960-இல் குழு கலைந்தது. சினிமாவில் சம்பாதித்ததை நாடகத்தில் கொட்டும் இந்தப் பழக்கத்தைத்தான் நான் தகப்பனாரின் சொத்து என்றேன். மூன்று பிள்ளைகளும் அந்தக் குழுவில் வேலை பார்த்தவர்கள்தாம் என்றாலும், பிற்காலத்தில் அதைத் தன் தலையில் தூக்கி வைத்துக்கொண்டவர் மூன்றாமவர்.

சிறு பையனாகவே நடித்தாராமே? – சேலம் வாசகி

ஆம். 1938 மார்ச் 18 அன்று கல்கத்தாவில் பிறந்தார். தகப்பனார் அப்போது அங்கே நியூ தியேட்டர்ஸ் நிறுவனத்தின் படங்களில் நடித்துக்கொண்டிருந்தார். குழந்தைக்கு வைத்த பெயர் பல்பீர் ராஜ். ‘ஆக்’ (1948), ‘ஆவாரா’ (1951) ஆகிய இரண்டு படங்களிலும் அண்ணன் ராஜ் கபூரின் சிறு வயதுத் தோற்றத்தில் வருபவர் இவர்தான்; இருவருக்கும் இடையே பதின்மூன்று ஆண்டுகளுக்கு மேல் வித்தியாசம் இருந்ததால் அது இயல்பாகப் பொருந்தியது. ‘ஆவாரா’வை மறுபடி பார்க்க வாய்த்தால் நீதிமன்றக் காட்சியைச் சற்று உற்றுப் பாருங்கள். நீதிபதி இருக்கையில் இருக்கும் முதியவர் பிருத்விராஜின் தந்தை பஷேஷ்வர்நாத் கபூர். தாத்தா, தந்தை, அண்ணன், தம்பி என்று மூன்று தலைமுறை ஒரே படத்தில் வந்தது.

வெள்ளைக்காரப் பெண்ணைக் காதலித்து மணந்தார் என்பது தெரியும். அந்தக் கதையைச் சற்று விரிவாகச் சொல்ல முடியுமா? – வேலூர் வாசகி

அதைக் காதல் கதை என்று மட்டும் சொன்னால் பாதியைத்தான் சொன்னதாகும். ஒரு நாடகக் குழுவின் பிள்ளை இன்னொரு நாடகக் குழுவின் பெண்ணைச் சந்தித்த கதை அது.

ஜெஃப்ரி கெண்டல் என்ற ஆங்கில நடிகரும் அவர் மனைவி லாராவும் ஷேக்ஸ்பியரானா என்ற சிறு குழுவை நடத்திவந்தார்கள். இந்தியாவின் பள்ளிக்கூடங்களிலும், சமஸ்தான அரண்மனைகளிலும், மலைவாசத் தலங்களிலும் ஷேக்ஸ்பியர் நாடகங்களைப் போடுவதே அவர்கள் பிழைப்பு. அவர்களின் மூத்த மகள் ஜெனிஃபர்தான் குழுவின் கதாநாயகி. 1956-இல் கல்கத்தாவில் சசி அவரைப் பார்த்தார். இவருக்குப் பதினெட்டு வயது. அவர் ஐந்து வயது மூத்தவர். தகப்பனாரின் குழுவில் துணை மேடை நிர்வாகியாகவும் சிறு வேடக்காரராகவும் இருந்த சசி, பின்னர் கெண்டலின் குழுவிலும் சேர்ந்தார்.

அந்தக் குழுவின் வாழ்க்கை எப்படிப்பட்டது என்று எண்ணிப் பாருங்கள். நடிகர்கள் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருப்பார்கள், ஆதலால் ஒருவரே ஒரே மாலையில் இரண்டு மூன்று வேடங்கள் கட்ட வேண்டும். மேடையில் வேலை இல்லாதவர் திரைக்குப் பின்னால் இன்னொருவரின் உடைக்கு ஊசி குத்திக்கொண்டிருப்பார். நாடகம் முடிந்ததும் பெட்டிகளைக் கட்டி வண்டியில் ஏற்றுவதும் நடிகர்களே. பம்பாயில் கபூர் என்ற பெயரைச் சொன்னால் கதவுகள் திறந்த காலத்தில், அந்த வீட்டுப் பிள்ளை தன் பெயருக்கு எந்த மதிப்பும் இல்லாத ஓர் இடத்தில் மூட்டை தூக்கித் தொழில் கற்றார். அவர் பெற்ற பயிற்சிகளில் ஆகச் சிறந்தது இதுதான் என்பது என் துணிபு.

மகளை இழந்தால் குழுவே ஆட்டங்காணும் என்பதால் கெண்டல் இந்தக் காதலை விரும்பவில்லை. கபூர் வீட்டில் தம்பிக்காகப் பரிந்து பேசியவர்கள் அண்ணன் ஷம்மி கபூரும் அண்ணி கீதா பாலியும். 1958-இல் திருமணம் நடந்தது. ஏழாண்டு கழித்து, அந்தக் குழுவின் வாழ்க்கையையே கருவாகக் கொண்டு ஜேம்ஸ் ஐவரி ‘ஷேக்ஸ்பியர் வாலா’ (1965) என்ற ஆங்கிலப் படத்தை எடுத்தபோது, மாமனார், மாமியார், மைத்துனி ஃபெலிசிட்டி, மனைவி ஆகிய எல்லோரோடும் சசி அதில் நடித்தார். சத்யஜித் ராய் இசையமைத்த படம் அது. ஊருக்கு ஊர் மதிப்பிழந்துகொண்டு போகும் நாடகக்காரர்களை ஒரு பக்கமும், எங்கே போனாலும் கூட்டம் சூழ்ந்துகொள்ளும் சினிமா நடிகையை மறுபக்கமும் நிறுத்தி, நடுவில் ஊசலாடும் பணக்கார இளைஞனாகச் சசியை வைத்தார் ஐவரி. மனைவி வீட்டாரின் தொழில் நலிந்ததையே திரையில் நடித்துக் காட்டிய அவர், அதே நாள்களில் பம்பாயில் முழு சினிமா நடிகராக மாறிக்கொண்டிருந்தார்.

அவர் தமிழ்ப் படம் எதிலும் நடித்ததில்லையா? – கோயம்புத்தூர் வாசகர்

நேரடித் தமிழ்ப் படத்தில் இல்லை. ஆனால் நமக்கு அவர் முற்றிலும் அந்நியர் அல்லர். ஸ்ரீதர் தம்முடைய ‘காதலிக்க நேரமில்லை’யை இந்தியில் ‘ப்யார் கியே ஜா’ (1966) என்ற பெயரில் எடுத்தபோது சசி கபூர், கிஷோர் குமார், மெஹ்மூத், ஓம் பிரகாஷ் ஆகியோர் நடித்தார்கள். நாகேஷும் பாலையாவும் கதை சொல்லிக் கேட்கும் காட்சியில் மெஹ்மூதும் ஓம் பிரகாஷும் நடித்ததைப் பார்த்தால், சிரிப்புக்கு மொழி தடையில்லை என்பது தெரியும்.

மறுபக்கத்தில், அவர் இந்தியில் ஏற்ற வேடங்கள் பல இங்கே வந்து சேர்ந்தன. ‘ஆ கலே லக் ஜா’ (1973) சிவாஜி கணேசன் நடித்த ‘உத்தமன்’ ஆயிற்று. ‘தீவார்’ (1975) ரஜினிகாந்தின் ‘தீ’ (1981) ஆனபோது, போலீஸ்காரத் தம்பியாகச் சுமன் வந்தார். ‘நமக் ஹலால்’ (1982) ‘வேலைக்காரன்’ (1987) ஆனபோது, முதலாளி வேடம் சரத்பாபுவுக்குக் கிடைத்தது. தமிழில் அந்த வேடங்களை ஏற்ற இருவரும் நிதானமும் பண்பும் முகத்தில் எழுதியிருப்பவர்கள். வேடத்தின் அந்த அச்சை வார்த்தவர் சசி.

நல்ல நடிகர் என்கிறீர்கள். ஆனால் எழுபதுகளில் அவர் நடித்த படங்களில் பாதியைப் பார்க்க முடியவில்லையே? – மதுரை வாசகர்

உங்கள் குற்றச்சாட்டை மறுக்க மாட்டேன். பாதிக்கு மேலும் இருக்கலாம்.

அவர் தொடங்கிய விதம் அப்படிப்பட்டதன்று. கதாநாயகனாக அவர் முதலில் ஏற்ற பெரிய வேடம் யஷ் சோப்ராவின் ‘தர்மபுத்ரா’வில் (1961). மதவெறி தலைக்கேறிய இந்து இளைஞன் ஒருவன், தன்னைப் பெற்றவர்கள் முஸ்லிம்கள் என்று அறிய நேரும் கதை. பிரிவினையின் புண் ஆறாத காலத்தில் ஒரு புதுமுகம் அந்த வேடத்தை ஏற்றது துணிச்சல்தான். படம் தேசிய விருது பெற்றும் ஓடவில்லை. அடுத்தடுத்து வந்தவையும் விழுந்ததால், பெயர்பெற்ற நடிகைகள் அவரோடு சேர்ந்து நடிக்கத் தயங்கினார்கள். அப்போது முன்னணியில் இருந்த நந்தா மட்டும் தயங்காமல் ஒப்புக்கொண்டார். அந்த நன்றியைச் சசி கடைசிவரை மறக்கவில்லை. இருவரும் நடித்த ‘ஜப் ஜப் பூல் கிலே’ (1965), காஷ்மீரப் படகோட்டி ஒருவன் பணக்காரப் பெண்ணை விரும்பும் கதை, அவரை நாடறிந்த நடிகராக்கியது.

எழுபதுகளில் நிலைமை தலைகீழானது. ஒரே நாளைத் துண்டு துண்டாக வெட்டிப் பல தயாரிப்பாளர்களுக்குக் கால்ஷீட் கொடுக்கும் வழக்கம் பம்பாயில் உச்சத்தில் இருந்த காலம் அது. காலையில் ஒரு ஸ்டுடியோ, பிற்பகலில் ஒரு ஸ்டுடியோ, இரவில் ஒன்று என்று சசி ஓடினார். ‘சத்யம் சிவம் சுந்தரம்’ (1978) எடுத்துக்கொண்டிருந்த ராஜ் கபூர், தம்பியின் தேதிகள் கிடைக்காமல் சலித்துப்போய், கைகாட்டுகிறவர்களுக்கெல்லாம் நிற்கும் டாக்ஸி என்று அவரைச் சொன்னது பம்பாயில் பிரசித்தம். அண்ணன் சொன்னதில் தவறில்லை. இத்தனை படங்களில் ஒருவர் நடித்தால், எந்த ஊரில் எந்தக் கதையில் நிற்கிறோம் என்பதே முகத்தில் இல்லாமல் போய்விடும். சசியின் பல படங்களில் அந்த வெறுமை தெரிகிறது. அந்தப் படங்களை நல்ல படங்கள் என்று நான் வாதாட வரவில்லை.

அந்த ஓட்டத்திலும் அவர் ஞாயிற்றுக்கிழமை கால்ஷீட் கொடுப்பதில்லை. அன்று மனைவியோடும் மூன்று குழந்தைகளோடும் வீட்டில் இருப்பார். சம்பாதித்த பணம் எங்கே போயிற்று என்பதற்குக் கீழே ஒரு சென்னை வாசகருக்குப் பதில் எழுதியிருக்கிறேன். அதையும் சேர்த்துப் படித்துவிட்டுத் தீர்ப்பு சொல்லுங்கள்.

தனியாகக் கதாநாயகனாக நடித்தவர் பிறகு அமிதாப் பச்சனுக்குத் துணையாகிப்போனாரே. அது வீழ்ச்சி இல்லையா? – யாழ்ப்பாண வாசகர்

தொழிலில் மூத்தவர் இளையவருக்கு இடம்விட்டு நடிப்பதை வீழ்ச்சி என்று கணக்கெழுதும் பழக்கம் நமக்கு உண்டு. ‘தீவார்’ வெளியானபோது சசிக்கு வயது முப்பத்தாறு, அமிதாப்புக்கு முப்பத்திரண்டு. மூத்தவரான சசிதான் அதில் தம்பி. கோபமும் அடிதடியும் அனுதாபமும் அண்ணனுக்கு. சட்டமும் கடமையும் தம்பிக்கு. எழுத்தில் பார்த்தால் தம்பி வேடம் வெறும் உபதேசமாகக் கசந்துபோகக்கூடியது.

பாலத்தடியில் அண்ணனும் தம்பியும் சந்திக்கும் காட்சியை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். பங்களா, கார், வங்கியில் பணம் என்று அண்ணன் தன்னிடம் உள்ளதையெல்லாம் குரலை உயர்த்தி அடுக்கி, உன்னிடம் என்ன இருக்கிறது என்று கேட்கிறான். அம்மா தன்னிடம் இருப்பதாகத் தம்பி சொல்லும் விடை இந்தியில் நான்கே சொற்கள். வேறு நடிகர் யாரானாலும் எதிரியின் குரலுக்கு மேலே தன் குரலை ஏற்றியிருப்பார். சசி ஏற்றவில்லை. வென்றுவிட்டோம் என்ற தொனியே இல்லாமல், அண்ணனுக்காக வருந்துகிறவனைப் போல மெல்லச் சொல்கிறார். சலீம்-ஜாவேத் எழுதிய அந்த நான்கு சொற்கள் ஐம்பது ஆண்டுகளாக மக்கள் வாயில் நிற்பதற்கு எழுத்து பாதிக் காரணம். மீதி அந்தத் தாழ்ந்த குரல். சிறந்த துணை நடிகருக்கான ஃபிலிம்ஃபேர் விருது அவருக்குக் கிடைத்தது.

அதன்பின் ‘கபி கபி’, ‘த்ரிசூல்’, ‘சுஹாக்’, ‘காலா பத்தர்’, ‘சில்சிலா’ என்று இருவரும் பத்துக்கு மேற்பட்ட படங்களில் சேர்ந்து நடித்தார்கள். ‘கபி கபி’யில் மனைவியின் பழைய காதலை அறிந்தும் பெருந்தன்மை குன்றாத கணவராக வருவதை நான் ‘தீவா’ருக்கு அடுத்தபடியாகச் சொல்வேன். எதிரே இருப்பவர் நன்றாக நடிக்கும்படி தான் நிற்பது நாடகக் குழுவில் கற்றது. பத்துப் பேர் சேர்ந்து இருபது வேடம் கட்டும் இடத்தில், தன்னை மட்டும் பார்க்கவைக்கும் நடிகனுக்கு வேலை இருக்காது.

கபூர் வீட்டுப் பெண்கள் நடிக்கக் கூடாது என்று கட்டுப்பாடு இருந்ததாமே? – திருச்சி வாசகி

எழுதாத கட்டுப்பாடாக நெடுங்காலம் இருந்தது. அந்த வீட்டுக்கு மருமகள்களாக வந்த நடிகைகள் பபிதாவும் நீத்து சிங்கும் திருமணத்தோடு நடிப்பை நிறுத்திக்கொண்டதை எல்லோரும் அறிவார்கள். 1991-இல் பபிதாவின் மகள் கரிஷ்மா நடிக்க வந்ததைப் பெரிய செய்தியாக எழுதினார்கள். சசியின் வீட்டில் அந்தச் சட்டம் செல்லவேயில்லை. ஜெனிஃபர் திருமணத்துக்குப் பின்னும் நடித்தார். மகள் சஞ்சனா 1988-இலேயே ‘ஹீரோ ஹீராலால்’ படத்தில் கதாநாயகியாக நடித்துவிட்டார். யாரும் அதைப் புரட்சி என்று எழுதவில்லை, ஏனென்றால் அந்த வீட்டில் யாரும் அதைப் பேசுபொருளாக்கவில்லை.

அவர் தயாரித்த படங்கள் எவை? லாபம் வந்ததா? – சென்னை வாசகர்

ஃபிலிம்வாலாஸ் என்ற பெயரில் அவர் எடுத்த முதல் படம் ஷியாம் பெனகலின் ‘ஜுனூன்’ (1978). ரஸ்கின் பாண்டின் கதையை வைத்து, 1857 கிளர்ச்சியின்போது ஓர் ஆங்கிலக் குடும்பத்துக்கு நேர்ந்ததைச் சொன்னது. சிறந்த இந்திப் படத்துக்கான தேசிய விருது பெற்றது. அடுத்தது, மகாபாரதத்தை இரண்டு தொழிலதிபர் குடும்பங்களின் பகையாக மாற்றிய ‘கல்யுக்’ (1981). அதில் கர்ணனின் வேடத்தைச் சசி எடுத்துக்கொண்டார். வாழ்நாள் முழுவதும் இரண்டாவது இடத்தில் நின்று அள்ளிக் கொடுத்தவனின் வேடத்தை அவர் எடுத்துக்கொண்டது எனக்கு எப்போதும் நெஞ்சைத் தொடும் ஒன்று.

அதே ஆண்டில் ‘36 சௌரங்கி லேன்’. அதுவரை நடிகையாக மட்டுமே அறியப்பட்டிருந்த அபர்ணா சென் இயக்கிய முதல் படம், அதுவும் ஆங்கிலத்தில், கதாநாயகி கல்கத்தாவில் தனியாக வாழும் ஆங்கிலோ-இந்திய ஆசிரியை. பம்பாயின் எந்தத் தயாரிப்பாளரிடமும் இந்தக் கதையைச் சொல்லிப் பணம் கேட்க முடியாது. சசி கொடுத்தார். ஆசிரியையாக ஜெனிஃபர் நடித்தார். பூனையோடு பேசிக்கொண்டு, படியேறும்போது மூச்சுவாங்கிக்கொண்டு, இளைஞர்கள் இருவர் காட்டும் பாசத்தை முழுதாக நம்பிவிடும் அந்த முதியவளை ஒருமுறை பார்த்தவர்கள் மறப்பதில்லை. அபர்ணா சென்னுக்குச் சிறந்த இயக்குநருக்கான தேசிய விருதும், ஜெனிஃபருக்கு பிரிட்டிஷ் திரைப்பட அகாதமியின் சிறந்த நடிகைப் பரிந்துரையும் கிடைத்தன.

பிறகு, விமானப்படைப் பின்னணியில் கோவிந்த் நிஹலானி இயக்கிய ‘விஜேதா’ (1982). அதன் பிறகு கிரீஷ் கர்னாட் இயக்கிய ‘உத்சவ்’ (1984). வடமொழியின் மிருச்சகடிகம்தான் கதை. பண்டிதமணி கதிரேசஞ் செட்டியார் ‘மண்ணியல் சிறுதேர்’ என்று நமக்குத் தமிழில் தந்த அதே நாடகம். வசந்தசேனையாக ரேகா நடிக்க, மன்னனின் முட்டாள் மைத்துனனாக, உடல் பெருத்து, அசட்டுச் சிரிப்போடு சசி வந்தார். அழகன் என்று பெயரெடுத்த ஒருவர் தன் அழகைத் தானே உடைத்துப் போட்ட வேடம்.

லாபம் கேட்டீர்கள். ‘உத்சவ்’ அவருக்குப் பெரும் நஷ்டம். பின்னாளில் சோவியத் கூட்டுறவோடு அவரே இயக்கிய ‘அஜூபா’வும் (1991) கையைச் சுட்டது. அது நஷ்டமானதோடு நல்ல படமாகவும் அமையவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். மதுரை வாசகர் பார்க்கச் சகிக்காத படங்களின் சம்பளம்தான் ‘ஜுனூ’னுக்கும் ‘சௌரங்கி லே’னுக்கும் போயிற்று. அந்த வரவும் இந்தச் செலவும் ஒரே கணக்குப் புத்தகத்தைச் சேர்ந்தவை.

அவருடைய மகன்கள் ஏன் சினிமாவில் நிலைக்கவில்லை? – ஈரோடு வாசகர்

குணாலும் கரணும் தாயின் சாயலில் இருந்தார்கள். இந்திப் படக் கதைகளில் அந்த முகங்களுக்கு ஏற்ற வேடம் எழுதுவார் இல்லை. ‘விஜேதா’வில் விமானியாகக் குணால் நன்றாகவே நடித்தார். கரண் புகைப்படக் கலைஞரானார். தகப்பனார் அவர்களுக்காக யாரிடமும் போய் நின்றதாகத் தெரியவில்லை.

அவருடைய ஆகச் சிறந்த நடிப்பு எது? – தஞ்சாவூர் வாசகர்

இரண்டைச் சொல்வேன், இரண்டுமே அவர் வயதேறிய பிறகு வந்தவை. 1984 செப்டம்பரில் ஜெனிஃபர் புற்றுநோயால் லண்டனில் காலமானார். அதன் பிறகு சசியின் உடல் பருத்தது, தம்மைப் பேணிக்கொள்வதில் அக்கறை போயிற்று. கதாநாயகன் என்ற நிலை முடிந்தது. என் பார்வையில், நடிகர் முழுதாக வெளிப்பட்டது அதற்குப் பிறகுதான்.

ரமேஷ் சர்மா இயக்கிய ‘நியூ டெல்லி டைம்ஸ்’ (1986) படத்தில் அவர் ஒரு பத்திரிகை ஆசிரியர். ஓர் அரசியல் கொலையைத் துருவிக்கொண்டு போகிறவர், தான் எழுதிய உண்மையே ஓர் அரசியல்வாதிக்கு ஏணியாகிவிட்டதைக் கடைசியில் உணர்கிறார். அந்த உணர்தலை வசனமில்லாமல், நேர்மையாளன் ஒருவனின் கண்ணில் வெளிச்சம் குறைவதாக மட்டும் காட்டியிருப்பார். சிறந்த நடிகருக்கான தேசிய விருது அதற்குக் கிடைத்தது.

மற்றொன்று, இஸ்மாயில் மெர்ச்சன்ட் இயக்கிய ‘முஹாஃபிஸ்’ (1993). தயாரிப்பாளர் மெர்ச்சன்ட், இயக்குநர் ஐவரி இணையின் முதல் கதைப்படமான ‘தி ஹவுஸ்ஹோல்டர்’ (1963) சசியை வைத்து எடுத்தது. முப்பதாண்டு கழித்து மெர்ச்சன்ட் தாமே இயக்க வந்தபோதும் அவரையே அழைத்தார். அனிதா தேசாயின் நாவலில் வரும் நூர் என்ற உருதுக் கவிஞர் வேடம். போபாலின் பழைய வீடொன்றில், பிரியாணிக்கும் மதுவுக்கும் வந்து சேரும் வெட்டிக் கூட்டத்தின் நடுவில், மனைவியர் இருவரின் சச்சரவுக்கும் நடுவில், மலைபோல் சரிந்து கிடக்கிறார் கவிஞர். அவரைப் பேட்டி காண ஒலிப்பதிவுக் கருவியோடு வரும் சிற்றூர் ஆசிரியராக ஓம் பூரி. திண்டில் சாய்ந்திருக்கும் அந்தக் கனத்த உடல் எழுந்து உட்காரப் படும் பாட்டைப் பார்க்கும்போது, ஒரு காலத்தில் காஷ்மீர ஏரியில் படகு தள்ளிய இளைஞன் இவர்தானா என்று மனம் கலங்கும். பிறகு அவர் வாய்திறந்து ஃபைஸ் அகமது ஃபைஸின் கவிதையைச் சொல்லத் தொடங்குவார். அந்தக் குரல் மட்டும் முதுமை அடையவில்லை. எடைகூடிப்போன தன் உடம்பை மறைக்காமல், அதையே வேடத்துக்குப் பொருளாகக் கொடுத்துவிட்டார் அவர். தேசிய விருதுக் குழு சிறப்பு விருது தந்தது. இவ்விரு படங்களையும் பார்க்காமல் அவரை அமிதாப்பின் தம்பி என்று மட்டும் சொல்வது அவருக்கு இழைக்கும் அநியாயம்.

ஒரே குடும்பத்தில் மூவருக்குப் பால்கே விருது கிடைத்ததா? – நாகர்கோவில் வாசகர்

ஆம். 1971-ஆம் ஆண்டுக்கான விருது பிருத்விராஜுக்கு, அவர் மறைந்த பிறகு தரப்பட்டது. 1987-க்கான விருதைப் பெறத் தில்லிக்கு வந்த ராஜ் கபூர், விழா அரங்கிலேயே மூச்சுத்திணறிச் சாய்ந்து, ஒரு மாதத்தில் காலமானார். 2014-க்கான விருது சசிக்கு. தில்லிக்குப் பயணம் செய்யும் நிலையில் அவர் இல்லாததால், 2015 மே மாதத்தில் மத்திய அமைச்சர் அருண் ஜேட்லி பம்பாய்க்கு வந்து, ஜூஹுவில் உள்ள பிருத்வி தியேட்டரிலேயே அதை வழங்கினார். சசி சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி பெற்றுக்கொண்டார். 2017 டிசம்பர் 4 அன்று மறைந்தார்.

அடுத்த மாதம் மும்பை போகிறோம். நீங்கள் சொல்லும் பிருத்வி தியேட்டரைப் பார்க்க முடியுமா? அதில் என்ன விசேஷம்? – புதுக்கோட்டை வாசகி

அவசியம் பாருங்கள். பிருத்விராஜ் தம் குழுவுக்கென்று சொந்த அரங்கம் ஒன்று வேண்டும் என்று கடைசிவரை ஆசைப்பட்டார். ஜூஹுவில் குத்தகைக்கு எடுத்து வைத்திருந்த மனையில் அதைக் கட்டுவதற்குள் 1972-இல் போய்ச் சேர்ந்துவிட்டார். சசியும் ஜெனிஃபரும் தகப்பனார் பெயரில் அறக்கட்டளை அமைத்து, வேத் சேகன் என்ற கட்டடக் கலைஞரை வைத்து அங்கே அரங்கைக் கட்டி, 1978 நவம்பரில் திறந்தார்கள். அண்ணன் அவரை டாக்ஸி என்று சொன்ன அதே காலம் என்பதைக் கவனியுங்கள்.

அரங்கம் சிறியது, ஏறத்தாழ 200 இருக்கைகள். மேடை உயரமாகத் தள்ளி நிற்காமல் பார்வையாளர்களுக்குள் நீண்டிருக்கும், மூன்று பக்கமும் படிப்படியாக இருக்கைகள் ஏறும். முன் வரிசையில் உட்கார்ந்தால் நடிகரின் நெற்றியில் வியர்வை அரும்புவது தெரியும், அவர் மூச்சை இழுக்கும் ஓசை கேட்கும். ஒலிபெருக்கிக்குத் தேவையில்லை. புதிய குழுக்களும் கட்டக்கூடிய அளவில் வாடகையை வைத்ததால், நாடகக்காரர்கள் பல தலைமுறையாக இங்கே வளர்ந்திருக்கிறார்கள். நஸீருத்தீன் ஷா, ஓம் பூரி போன்றோர் தொடக்க நாள்களிலேயே நடித்த மேடை இது. ஜெனிஃபருக்குப் பிறகு மகள் சஞ்சனா பல ஆண்டுகள் அரங்கை நடத்தினார். பிறகு குணால் பொறுப்பேற்றார். ‘ஹீட் அண்ட் டஸ்ட்’ (1983) படத்தில் சசியோடு நடித்த தபலா மேதை ஜாகிர் உசேன், ஜெனிஃபரின் பிறந்த நாளான பிப்ரவரி 28 அன்று ஆண்டுதோறும் இங்கே வந்து வாசிப்பதை ஒரு விரதமாகவே வைத்திருந்தார்.

திங்கட்கிழமை விடுமுறை, மற்ற நாள்களில் பெரும்பாலும் நாடகம் உண்டு. இந்தி தெரியாதே என்று தயங்க வேண்டாம், ஆங்கில நாடகங்களும் போடுகிறார்கள். முன்கூட்டியே சீட்டு வாங்கிவிடுங்கள். வாசலில் உள்ள சிற்றுண்டிக் கடையில் மரநிழலில் உட்கார்ந்து தேநீர் குடிக்கலாம், பக்கத்து மேசையில் யாராவது வசனம் மனப்பாடம் செய்துகொண்டிருப்பார்கள். ஆனால் பேச்சுச் சுவாரசியத்தில் நேரத்தை விட்டுவிடாதீர்கள். மூன்றாவது மணி அடித்ததும் கதவைச் சாத்திவிடுவார்கள்; அதன் பிறகு யாராக இருந்தாலும் உள்ளே விடுவதில்லை.